ஓரத்தில் பென்சிலால் எழுதியவர்

அடுத்த மாதத்திலிருந்து வியாழக்கிழமை வாசிப்பை நீங்கள் இரண்டு பேரும் நடத்தப் போகிறீர்கள். எனக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்க இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. அதோடு நான் விலகுகிறேன். புதியவர்களுக்கு உதவும், உன் அனுபவங்களை எழுதிக் கொடு என்று கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டார்கள். மண்டபக் கதவுத் திறப்பு யாரிடம் இருக்கும், கதிரைகளை எங்கே அடுக்க வேண்டும், வருகைத்தாளை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று முதலில் நான்கு பக்கம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது, அதெல்லாம் ஒரு கிழமையில் தானாகப் பழகிவிடும் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன். எனக்குப் பழகாத ஒன்று நடந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாமல் போனால் ஒரு நாள் நீங்கள் தயாரில்லாமல் அகப்பட்டுக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஏன் வியாழக்கிழமை என்று கேட்டிருந்தீர்கள். இத்தாலியில், இந்தப் பலேர்மோ நகரத்தில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு ஞாயிறு தவிர வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. மூன்று மணிக்குப் பங்குக் கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேருவார்கள். பெரும்பாலும் மன்னார்ப் பக்கம். தீவுகளிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிலர். தாய் எப்படிக் கடல் கடந்து வந்தாள் என்று அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தாய்மார் சொல்வதில்லை, பிள்ளைகள் கேட்பதும் இல்லை. போரால் துரத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையைத் தாயும் பிள்ளையும் வாசித்தால், சொந்தக் கதையைத் தொடாமலே அதைப் பற்றிக் கதைக்கலாம் என்பது கூட்டுறவின் எண்ணம். நல்ல எண்ணம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பெரும்பாலான நாட்களில்.

நாவலின் பெயரை இங்கே எழுதவில்லை. மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் ஓடும் ஒரு குடும்பம், அவர்களுடைய பிள்ளைகள், வெளிநாடுகளில் பிறந்த பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறைக் கதை. சென்னையிலிருந்து வந்த ஒருவருடைய பெட்டியில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. இன்னொன்று வாங்கப் பார்த்தோம். அச்சில் இல்லை என்றார்கள்.

ஒரே புத்தகத்தைப் பன்னிரண்டு வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது? எங்கள் பங்கில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போவது உங்களுக்குத் தெரியும். ஒரு கிழமை ஒரு வீடு. ஞாயிறு பின்னேரம் அடுத்த வீட்டுக்கு மாறும். ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டில் செபமாலை. புத்தகத்தையும் சுரூபத்தின் பையிலேயே வைத்துவிட்டேன். மாதா போகிற வீட்டுக்குப் புத்தகமும் போகும். அந்த வீட்டுக்காரர் தாயும் பிள்ளையுமாக அடுத்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு, வியாழக்கிழமை மண்டபத்தில் எங்களுக்கு உரக்க வாசிக்க வேண்டும். முழுவதும் படித்தது நான் மட்டும். யாராவது பெரிய பிள்ளைகள் முடிவைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், வாசிக்காத பக்கங்களைச் சேர்த்து உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டால் இறுக்கிவிட்டேன்.

"எங்கட ரீச்சர் புத்தகத்தையும் துவைச்சுக் காயப்போட்டிருக்கிறா" என்றார் ஸ்ரெல்லா. எங்கள் வட்டத்தில் பகிடி விடுகிறவர் அவர்தான்.

நான்காம் அத்தியாயத்தில் குடும்பம் வள்ளம் ஏறுகிறது. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் மணல்திட்டுகளை எங்கள் ஆட்கள் தீடை என்பார்கள். வள்ளக்காரர் சனத்தை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மற்றப் பக்கத்து வள்ளம் வந்து ஏற்றும். நாவலில் அந்தத் தீடையில் ஒரு சிறுவன் விடுபட்டுப்போகிறான். அந்த அத்தியாயத்தை வாசிக்கப் புத்தகத்தை விரித்த ஸ்ரெல்லா நிறுத்திவிட்டார்.

"இதிலை ஆரோ எழுதிக் கிடக்கு."

"பொழுது பட்டபின் வள்ளம் புறப்பட்டது" என்ற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் இருந்தது: "இல்லை. விடியப்புறம்."

பிள்ளைகளின் குறும்பு என்று எல்லாரும் சிரித்தோம். அடுத்த கிழமை புத்தகம் வேறு வீட்டிலிருந்து வந்தது. "ஏழு பேர்" என்ற இடத்தில், "ஒன்பது." சிறுவனுக்கு ஆறு வயது என்ற இடத்தில், "நாலு." அதே கையெழுத்து. அழுத்தி எழுதிய, உருண்டையான, பழைய பள்ளிக்கூடத்து எழுத்து.

மூன்றாவது கிழமை, மூன்றாவது வீடு. குடும்பம் இராமேஸ்வரக் கரையில் நிற்கும் பக்கம். அங்கே எழுதியிருந்தது இது: "பெடியனுக்கு இடது காது கேளாது. அதாலைதான் கூப்பிட்டது கேக்கேல்லை."

மண்டபத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. நான்தான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏனென்றால் அந்தச் சிறுவனுக்கு இடது காது கேட்காது என்பது நாவலில் உண்டு. ஆனால் அது ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. நாங்கள் நின்றது ஆறில். ஒன்பது கிளிப்புக்குள் இருந்தது.

யாரோ கிளிப்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். வருகைத்தாளில் இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்; ஒன்றும் பொருந்தவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: என் தலைமுடி ஒன்றை எடுத்து, மூடிய பக்கங்களுக்குக் குறுக்கே வைத்து, அதன் மேல் கிளிப்பைப் போட்டேன். புத்தகம் இன்னொரு வீட்டுக்குப் போய், ஓரத்தில் புதிய வரிகளோடு திரும்பி வந்தது. முடி வைத்தது வைத்தபடி இருந்தது.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். "நீ நித்திரை கொள்ளுறேல்லை, அதுதான்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் புத்தகத்தின் பின்னால் இருந்த மின்னஞ்சலுக்கு, எழுத்தாளருக்கு, நான்கு வரி எழுதினேன். அந்தச் சிறுவன் யார், அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். உங்களுக்கு இதில் ஒரு பாடம் வேண்டுமென்றால், வட்டத்தில் ஒன்று பிசகும்போது முதலில் வட்டத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். நான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த ஒருவரிடம் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்கப் பயந்தேன்.

எட்டாம் அத்தியாயத்துக்கு மாதாவும் புத்தகமும் என் வீட்டுக்கு வந்தன.

செவ்வாய் மாலை செபமாலை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். காலையில் புத்தகத்தை எடுத்தேன். சிறுவனின் சட்டையைத் தாய் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தாள் என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்து. "சேட்டு இல்லை. ஒண்டும் மிஞ்சேல்லை."

முதல் நாள் பின்னேரம் நானே அந்தப் பக்கத்தை வாசித்தேன். அப்போது அது வெறும் பக்கம். என் வீட்டுக்குள், என் மேசையில், சுரூபத்தின் காலடியில் இருந்த புத்தகம். நாலு வயது மகள் லூச்சியா காய்ச்சலோடு சோபாவில் படுத்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பூட்டைப் போய்ப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"மம்மா, அந்த ட்ஸியா புத்தகத்தோடை கதைச்சவா" என்றாள் லூச்சியா.

"எந்த அன்ரி?"

"செபம் சொல்லுற ட்ஸியா. பியானோ பியானோ, மெல்லமாக் கதைச்சவா. பிறகு எழுதினவா. என்னைப் பார்த்து உஷ் எண்டவா."

றீற்றா அக்கா. செபமாலையை முன்னின்று சொல்பவர். மாதா எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே ஒவ்வொரு மாலையும் அரை மணி முன்னதாகவே வந்து, மெழுகுதிரி ஏற்றி, விரிப்பைச் சரிசெய்பவர். வாசிப்பு வட்டத்துக்கு வரச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். "கதைப் புத்தகம் வாசிக்க எனக்கு எங்கை பிள்ளை நேரம்" என்பார். வருகைத்தாளில் அவர் கையெழுத்து இருக்க வழியில்லை. ஐம்பது வயது இருக்கும், தனி ஆள், முப்பது வருடமாக இந்த நகரத்தில் மற்றவர்களுடைய வீடுகளைக் கூட்டித் துடைக்கிறார்.

அன்று மாலை அவர் வந்ததும் குசினிக்குள் கூப்பிட்டேன். அடுப்பில் சோறு, தோளில் காய்ச்சல் பிள்ளை, கூடத்தில் சனம் வந்து இருக்கத் தொடங்கிவிட்டது. எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாற, அவரே கேட்டார்.

"பிள்ளை, இந்தக் கதை எழுதின ஆள் எங்களை எங்கை கண்டது?"

"அக்கா?"

"எங்களைக் கண்டவை ஆரோதான் சொல்லியிருக்க வேணும். சில இடம் பிழை. நான் திருத்தி விட்டிருக்கிறன். உண்மையோ இது?"

நான் செய்த தவறு இதுதான். கவனமாக வாசியுங்கள். நான் யோசிக்கவில்லை. சோறு பொங்கியது, பிள்ளை சிணுங்கியது, ஒரு பெரியவர் கேட்கிறார், மனம் நோகாமல் பதில் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் தலையில் இருந்தது.

"ஓமக்கா, உண்மையாத்தான் இருக்கும். ஆரும் சொல்லாமல் இப்பிடி எழுதேலாது."

"அப்ப பெடியன் பிறகு என்னாகிறான்?"

"இருக்கிறான் அக்கா, பிறகு கதையிலை வருது. மீன்பிடிக்காரர் தூக்கிக்கொண்டு போகினம். பெரிசாகிக் கப்பலிலை வேலை செய்யிறான்."

"எந்தக் கப்பல்?"

"இஞ்சை இத்தாலிப் பக்கம்தான். ஜெனோவாவுக்கு ஓடுற கப்பல். குசினியிலை வேலை."

அவர் என் முகத்தையே பார்த்தார். சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. பிறகு லூச்சியாவின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்ச் செபமாலையைத் தொடங்கினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பேய் இல்லை, திருடர் இல்லை, றீற்றா அக்கா. ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியும் விட்டேன். கிளிப்புக்குள் இருந்த காது மட்டும் நித்திரையில் ஒருமுறை நினைவுக்கு வந்தது.

ஞாயிறு மதியம் எழுத்தாளரின் பதில் வந்தது. சின்னப் பதில். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

"அந்தச் சிறுவன் முழுக்கக் கற்பனை. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. காதைக் கேட்டிருந்தீர்கள். அது என்னுடையது. நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு இடது காது கேட்காது. அவனுக்கு உடம்பில் என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன்."

வாசித்ததும் வெட்கம்தான் வந்தது. கற்பனை. நான் அதை உண்மை என்று சொல்லியிருக்கிறேன். பின்னேரம் மாதாவை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அக்காவைத் தனியே பிடித்து மெல்லச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். அக்கா வரவில்லை. பை மேசைக்கடியில் இருந்தது. அதற்குள் புத்தகம் இல்லை. வெள்ளிக்கிழமையே எடுத்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

ஸ்ரெல்லாவின் தொலைபேசி வந்தது.

"றீற்றா அக்கா சாமியறை விரிப்பைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்திட்டுப் போறா. ஜெனோவா போறாவாம். ஆரோ சொந்தக்காரன் கப்பலிலை வேலையாம். நீங்கள்தான் சொன்னனீங்களாம், ரீச்சர். எனக்குச் சொல்லேல்லையே?"

"எப்ப வெளிக்கிட்டவா?"

"இப்பத்தான். செவ்வாய்க்கிழமை குவெஸ்தூராவிலை கைரேகை எண்டெல்லோ சொன்னவா? அது என்னாகும் எண்டு கேட்டன். சிரிக்கிறா."

உங்களுக்கு இதன் பாரம் தெரியும். அக்காவின் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, முடிந்து பல மாதம். உடம்பு வருத்தத்தில் கிடந்து, அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகம் அனுப்பிய அழைப்பை ஒருமுறை தவறவிட்டிருந்தார். இன்னொருமுறை தவறினால் எல்லாம் முதலிலிருந்து, அதுவும் நடக்குமோ தெரியாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அவர் வேலை பார்க்கும் வீட்டுச் சிஞ்ஞோராவின் மகள்மார் வேறு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வராவிட்டாலும் போதும். முப்பது வருட வாழ்க்கை முழுவதும் செவ்வாய்க்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நாவலில் வருகிற மனிதனைத் தேடிக் கப்பல் ஏறப் போகிறார். என் வாயால்.

கணவர் வேலையில். லூச்சியாவைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுத்தேன்.

அன்று சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து அந்தக் காற்று வரும்போது இந்த நகரம் எப்படி ஆகும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வானம் மஞ்சள், வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. கடல் கடந்து வந்த மணல் கார்களின் மேல், துறைமுகத்துச் சீமெந்தின் மேல், ஆட்களின் கண்ணிமையில். லொறிகள் கப்பலின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. கால்நடையாக ஏறுகிறவர்கள் ஒரு கொட்டகையில் வரிசையாக நின்றார்கள். நடுவில் றீற்றா அக்கா. கோயிலுக்குக் கட்டும் சேலை, மேலே குளிர்க் கோட்டு, ஒரு சின்னப் பெட்டி. புத்தகம் நெஞ்சோடு.

வரிசையில் அவருக்கு முன்னால் ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள், பின்னாலும் அப்படியே. அவருக்கு இடது பக்கத்தில் மட்டும் ஒரு பிள்ளை நிற்கக்கூடிய இடம் வெறுமையாக இருந்தது. வரிசை நகரும்போது அந்த இடமும் அவரோடு நகர்ந்தது. இதை நான் கண்டேனா, இப்போது நினைத்துச் சேர்க்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

"அக்கா."

திரும்பிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"காய்ச்சல் பிள்ளையை இந்தக் காத்துக்குள்ளை கொண்டு வந்தனியோ? தலைக்கு ஒண்டும் போடாமல். என்ன தாய் நீ?"

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. எனக்குத் தெரியாது. சோறு பொங்குது எண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன்."

"எது பிழை?"

"உண்மை எண்டு சொன்னது. கதையக்கா. வெறும் கதை."

"வெறும் கதைக்கு ஆர் காது சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"நீங்கள் மிச்சப் பக்கத்தைப் பார்த்திட்டீங்களோ? கிளிப்பைக் கழட்டி?"

புத்தகத்தை என்னிடம் நீட்டினார். கிளிப் இரண்டும் வியாழக்கிழமை நான் மாற்றிப் போட்ட இடத்திலேயே இருந்தன. "நான் ஏன் கழட்டிறன்? எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினனான். காது கதையிலையும் வருது எண்டு வெள்ளிக்கிழமை ஸ்ரெல்லா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

ஒன்பதாம் அத்தியாயத்தை நான்தான் வியாழக்கிழமை எட்டோடு சேர்த்து வாசித்துவிட்டேன், அதை முடித்துத் தொலைக்க வேண்டும்போல் இருந்ததால். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா பயணச்சீட்டு எடுத்திருக்கிறார்.

வரிசை நகர்ந்தது. அவரோடு நானும் நகர்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

"ஒன்பது பேர். ஏறேக்கை அப்பு எண்ணினவர், ஒன்பது. தீடையிலை இறக்கிப் போட்டு வள்ளக்காரன் போயிட்டான். ரண்டு நாள். பிறகு மற்ற வள்ளம் வருது, தண்ணியும் ஏறுது, ஓடு ஓடு எண்டு கத்துறாங்கள். ஏறேக்கை ஆரும் எண்ணேல்லை."

"அக்கா..."

"எண்ண வேண்டியது ஆர்? நான். எனக்குப் பதினைஞ்சு வயசு. அப்பு சொன்னவர், சின்னவன் உன்ர பொறுப்பு எண்டு. தம்பி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சிப்பி பொறுக்குறான். நான் கூப்பிட்டனான். கடலுக்குள்ளை வந்த பிறகுதான் கூப்பிட்டனான். இடது காது எங்கட பக்கம் இருக்க நிண்டவன்." லூச்சியாவின் தலையில் கையை வைத்தார். "இவளின்ர அளவு."

லூச்சியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவளை எண்ணினேன். ஒன்று. என்ன முட்டாள்தனம் என்று தெரிந்தும் எண்ணினேன்.

முன்னால் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு அக்காவின் முறை. என் தொலைபேசியில் அந்தப் பதில் இருந்தது. காட்டினால், இத்தனை வருடம் அவர் பிடித்துக்கொண்டு இருந்ததை நான் பிடுங்குகிறேன். காட்டாவிட்டால் செவ்வாய்க்கிழமை போய்விடும். அவருடைய பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடலாம் என்றுகூட நினைத்தேன். கணவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா? பங்குச் சாமியைக் கேட்கலாமா? உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். யாரையும் கேட்க நேரம் இருக்காது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதல் பிழை, அவரைச் சமாளிக்க வேண்டியவர் என்று நான் நினைத்ததில் இருந்தது. பதில் அவருக்கு உரியது. நான் அதை வைத்திருக்க முடியாது.

"அக்கா, எழுதினவருக்குக் கடிதம் போட்டனான். பதில் வந்திருக்கு. வாசிக்கிறன். முழுக்கக் கேளுங்கோ."

வாசித்தேன். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கற்பனை என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தேன். காது என்னுடையது என்ற இடத்தில், எல்லாம் விளங்கிவிடும் என்ற ஆறுதலோடு வாசித்தேன்.

அக்கா அசையவில்லை. பின்னால் நின்றவர் முணுமுணுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

"கடைசியைத் திரும்ப வாசி."

"நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு இடது காது கேட்காது."

"இடது எண்டு எழுதியிருக்கோ, நீ சொல்லுறியோ?"

"எழுதியிருக்கு அக்கா."

"அந்த ஆளுக்கு எத்தனை வயசு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு கதவைச் சாத்துவதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைத் திறந்துவிட்டேன். புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினார். படம் இல்லை. வயது இல்லை. பிறந்த ஊர் இல்லை. இராமேஸ்வரத்தில் வளர்ந்தவர் என்று ஒரு வரி இருந்தது. பலமுறை பார்த்த வரி. அது வரை நான் அதை வாசிக்கவே இல்லை.

காற்று கொட்டகையின் தகரத்தை உலுக்கியது. மணல் பல்லில் நெருடியது.

"பிள்ளை," என்றார். மிகவும் மெல்லிய குரல். "அவனாயிருக்குமோ?"

இருக்கலாம் என்று வாய் வரை வந்தது. தற்செயல் அக்கா, உலகத்தில் எத்தனை பேருக்குக் காது கேட்காது என்பதும் வந்தது. இரண்டும் அவருக்கு ஆறுதல் தரும் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது அக்கா."

"இப்பத்தான் ஒரு உண்மை சொல்லியிருக்கிறாய்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். கப்பல் எங்களுக்குப் பின்னால் ஊதியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குவெஸ்தூராவுக்கு நானும் போனேன். பத்து விரலையும் கொடுத்தார். சிஞ்ஞோராவின் வேலையும் இருக்கிறது. செபமாலையும் அவர்தான் சொல்கிறார். எல்லாம் பழையபடி என்று ஸ்ரெல்லா சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அந்த மாதம் முழுவதும் அக்கா ஒரு கடிதம் எழுதினார். மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்; நான் பார்க்கவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டிருப்பதாகச் சொன்னார். தீடையில் நின்றவனுக்கு மட்டும் பதில் தெரியக்கூடிய கேள்வி. பதிப்பகத்து முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நானும் எழுத்தாளருக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டேன். அந்த முதல் பதிலுக்குப் பிறகு அவர் எனக்கு எழுதவில்லை.

இனித்தான் நான் இதை எழுதக் காரணம். அக்கா இருக்கும் வீட்டு அழைப்பு மணியில் வேறு யாருடையவோ பெயர் இருப்பதால், கடிதத்தில் கூட்டுறவின் முகவரியைக் கொடுத்தோம். பதில் வந்தால் உங்கள் தபால் பெட்டிக்குத்தான் வரும். உறையில் றீற்றா அக்காவின் பெயர் இருக்கும். பிரிக்க வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம்; தோன்றும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிடித்திருப்பேன். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை வரட்டும் என்று வைத்திருக்கவும் வேண்டாம். அன்றே, இரண்டு பேருமாகக் கொண்டுபோங்கள். வாசிக்கச் சொல்லி உங்களிடம் தருவார். உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். பிறகு உங்களைப் பார்த்து ஒன்று கேட்பார். ஆம் என்று எழுதியிருந்தாலும் கேட்பார், இல்லை என்று எழுதியிருந்தாலும் கேட்பார். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லாதீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடவும் கூடாது.

அந்தப் பதில் வரும்போது இங்கே இருக்கக் கூடாது என்றுதான் விலகுகிறாயோ என்று கணவர் போன கிழமை கேட்டார். இல்லை, பிள்ளைக்காக என்றேன். பிறகு விடியும்வரை யோசித்துக்கொண்டு கிடந்தேன். அதனால் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் என்னையும் கூப்பிடுங்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாளாக இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவேன். அக்காவுக்கு உண்மை என்று முதலில் சொன்னது நான். அந்த உறையைப் பிரிக்கும்போது அவருக்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.